மூத்த பொறியாளரைத் தேடுகிறோம்

தயாரிப்பு வடிவமைப்புக்கும் மூலப்பொருள் ஆய்வுக்கும் ஒரு மூத்த பொறியாளரைத் தேடுகிறோம். இத்தனை ஆண்டு அனுபவம், இத்தனை காப்புரிமை என்று விளம்பரத்தில் எழுதிவிடலாம். அதை வைத்து ஆளை அறிய முடியாது.

நேர்காணலில் நான் விரும்பிக் கேட்பது ஒன்றுதான். பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்கில் செய்த மூடி ஒன்று, இழுத்துப் பார்க்கும் இழுவிசைச் சோதனையில் தேறிவிட்டது. சில மாதங்களில் திருகாணியைச் சுற்றி விரிசல் விடுகிறது. ஏன்? ‘தடிமனைக் கூட்டலாம்’ என்று உடனே தீர்வு சொல்பவர்கள் பலர். எனக்கு வேண்டியவர் முதலில் கேள்வி கேட்பார்: எதைக்கொண்டு துடைக்கிறார்கள்? திருகாணியில் எண்ணெய் இருந்ததா? எவ்வளவு இறுக்கினார்கள்? வார்ப்பு அச்சில் எப்படிக் குளிர்ந்தது? இழுவிசையில் இருக்கும் பாலிகார்பனேட்டின் மீது சில கரைப்பான்கள் பட்டால், வழக்கமாகத் தாங்கும் சுமையைவிட மிகக் குறைந்த சுமையிலேயே அது விரிசல் விடும். வலிமை அட்டவணையில் இது தெரியாது.

இன்னொன்றையும் பார்க்கிறேன், எனக்கு அதுவே முக்கியம்: ‘வேண்டாம்’ என்று மேலாளரிடம் சொல்லும் துணிவு. 1986-இல் சேலஞ்சர் விண்ணோடம் புறப்படுவதற்கு முந்தைய இரவு, குளிரில் ரப்பர் வளையங்கள் ராக்கெட்டின் இணைப்புகளைச் சரியாக அடைக்காமல் போகலாம் என்று பொறியாளர்கள் எச்சரித்தார்கள். மேலிடம் கேட்கவில்லை, ஏழு பேர் இறந்தார்கள். எச்சரிப்பவரை வேலைக்கு எடுத்தால் மட்டும் போதாது, அவருக்குச் செவிகொடுக்கும் நிர்வாகமும் வேண்டும். அந்த உறுதியைப் பணி ஆணையோடு சேர்த்தே தருகிறோம்.

படிப்பு வேதியியலோ உலோகவியலோ இயந்திரவியலோ, எதுவானாலும் சரி. தோற்றுப்போன சோதனைகளின் குறிப்பேட்டையும் பத்திரமாக வைத்திருக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள்.