பழைய வேட்டிப் பையும் பதினெட்டுப் படியும்

சாமியே சரணம் ஐயப்பா. என் பேரன் ஏழாம் மாதத்திலேயே பிறந்து இன்குபேட்டரில் கிடந்தபோது நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். பிள்ளை பிழைத்துவிட்டால், எனக்கு மலைக்குப் போகிற வயசு வந்ததும் நானே இருமுடிக் கட்டு சுமந்து சபரிமலைக்கு வருகிறேன் என்று. பிழைத்துவிட்டான். இப்போது ஒன்றாம் வகுப்பு, வீட்டில் ஒரு சாமானை உருப்படியாக விடுவதில்லை. எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. 2025 கார்த்திகை முதல் தேதி சின்னமனூரில் எங்கள் குருசாமி கையால் மாலை போட்டுக்கொண்டேன், கன்னி மாளிகைப்புரமாக, அதாவது முதல் தடவை மலைக்குப் போகும் பெண்ணாக.

கட்டு கட்டுவதற்கு ஒரு வாரம் முன்னால் குருசாமி எல்லோரையும் உட்கார வைத்து, இந்த வருஷம் கட்டுக்குள் ஒரு கவர்கூடப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். கேரள உயர்நீதிமன்றம் இருமுடியில் பிளாஸ்டிக் கூடாது என்று சொல்லி வருஷக்கணக்காகிறது, நம் ஊரிலும் 2019லிருந்து கவருக்குத் தடைதான். ஆனாலும் கடையில் போய் இருமுடி செட் கேட்டுப் பாருங்கள். மஞ்சள் ஒரு பாக்கெட், குங்குமம் ஒரு பாக்கெட், திருநீறு, சந்தனம், கற்கண்டு, பேரீச்சம்பழம், அவல், பொரி, தனித்தனியாக ஒவ்வொன்றுக்கும் ஒரு கவர், எல்லாவற்றையும் போட்டுக் கொடுக்க இன்னொரு பெரிய கவர். சாமிக்குப் போவது ஒரு பிடி மஞ்சள், காட்டுக்குப் போவது மீதி எல்லாம்.

காட்டில் இது என்ன செய்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் பல வருஷமாகப் போகிறவர். உப்புக்கும் நெய்க்கும் வெல்லத்துக்கும் ஆசைப்பட்டு மிளா மானும் யானையும் கவரோடு சேர்த்துத் தின்றுவிடுகின்றன. அது பெரியார் புலிகள் காப்பகம், ஐயப்பனின் பூங்காவனம், அங்கே போய் அவர் வளர்க்கும் ஜீவனுக்கே நாம் விஷம் வைத்துவிட்டு வருகிறோம். 2011ல் போலீஸ் அதிகாரி பி. விஜயன் ‘புண்ணியம் பூங்காவனம்’ என்று ஆரம்பித்தாரே, தரிசனத்துக்கு வருகிறவர்கள் ஒரு மணி நேரமாவது குப்பை அள்ளிக் கொடுங்கள் என்று, அதில் இவரும் கையுறை மாட்டி நின்றிருக்கிறார். அதற்குப் பிறகு கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்வம் போர்டே ‘பவித்ரம் சபரிமலை’ என்று ஒன்று நடத்துகிறது.

சரி, கவர் வேண்டாம் என்றால் எதில் கட்டுவது? நான்தான் வீட்டிலிருந்த பழைய வேட்டிகளைக் கிழித்து மெஷினில் சின்னச் சின்னச் சுருக்குப் பையாகத் தைத்தேன். மஞ்சள், குங்குமத்துக்கு மட்டும் காகிதப் பொட்டலம். எங்கள் குழுவில் ஒரு பெரிய சாமி, வயசில் எல்லோருக்கும் மூத்தவர், பன்னீர் பாட்டில் இல்லை, கற்பூரம் இல்லை, ஊதுபத்தி இல்லை, இதெல்லாம் ஒரு கட்டா என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதெல்லாம் வேண்டாமென்று 2024லேயே சபரிமலையின் தலைமைப் பூசாரியான தந்திரி சொல்லிவிட்டார், சந்நிதானத்தில் அவற்றை வாங்கி எரிக்கத்தான் செய்கிறார்கள் என்று குருசாமி எடுத்துச் சொன்ன பிறகும் அவர் மடியில் ஒரு கட்டிக் கற்பூரம் இருந்தது என்றே நினைக்கிறேன். இருந்துவிட்டுப் போகட்டும்.

கம்பம், குமுளி, குட்டிக்கானம், முண்டக்கயம் என்று வேன் இறங்கி எருமேலி போய்ச் சேரும்போது விடிந்திருந்தது. எனக்கு இந்தப் பயணத்தில் மனசு நிறைந்த இரண்டு இடங்களில் ஒன்று எருமேலி. பேட்டை சாஸ்தாவைக் கும்பிட்டு, முகத்தில் சாயம் பூசி, ‘சாமி திந்தக்கத் தோம், ஐயப்ப திந்தக்கத் தோம்’ என்று ஆடிக்கொண்டே எதிரே, ஐயப்பனின் முஸ்லிம் நண்பரான வாவர் பேரில் இருக்கும் பள்ளிவாசலுக்குள் போகிறோம். அங்கே தொப்பி போட்ட இரண்டு பையன்கள் சாக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாசல் ஓரம் நின்றார்கள். ஆட்டம் ஆடிவந்த எங்கோ தெலுங்கு தேசத்து சாமி ஒருவர் சாயப்பொடிக் கவரைக் கீழே விட, அந்தப் பையன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, குனிந்து எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டான். அடுத்தவர் தானாகவே சாக்கில் போட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நாம் கும்பிடும் சாமியின் காட்டுக்காக, நாம் போட்ட குப்பையை, அவன் எடுக்கிறான். உனக்கு எதற்குத் தம்பி இந்த வேலை என்று கேட்டே விட்டேன். “நம்முடெ மலையல்லே அம்மே” என்றான், அவ்வளவுதான், அடுத்த கவரை எடுக்கப் போய்விட்டான். பள்ளியைச் சுற்றி வந்து காணிக்கை போடும்போது பேரனுக்காக வேண்டியதோடு அந்தப் பையனுக்காகவும் வேண்டிக்கொண்டேன். வாவர் சாமி கேட்டிருப்பார்.

அங்கிருந்து வலிய அம்பலம் என்கிற பெரிய கோயில். ஓடையில் குளிக்கிற இடத்தில் முன்பெல்லாம் ஷாம்பு பாக்கெட் மிதந்துகொண்டே இருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். ரசாயனக் குங்குமமும் பிளாஸ்டிக் ஷாம்பு பாக்கெட்டும் எருமேலியிலும் பம்பையிலும் விற்கக்கூடாது என்று 2025 சீசனில் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆனாலும் ஒரு கடையில் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுப்பதை நானே பார்த்தேன். கடைக்காரர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் விரதம் முறிந்துவிடும். ஒரு எலுமிச்சம்பழத்துக்கு அவர்கள் சொன்ன விலைக்கு எங்கள் ஊரில் ஒரு கூடை வாங்கலாம்.

நிலக்கல்லில் வேனை விட்டுவிட்டு பஸ்ஸில் பம்பை. பம்பையில் குளித்துவிட்டு கட்டைத் தலையில் ஏற்றியதுதான் தாமதம், ஆட்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகும் டோலிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ‘அம்மா டோலி, அம்மா டோலி’ என்று கணபதி கோயில் வரை கூடவே வந்து, அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, நீலிமலை தாங்காது என்று என்னைப் பயமுறுத்திப் பார்த்தார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் சரணம் சொல்லிக்கொண்டே நடந்தேன். பம்பையில் 100 ரூபாய் கட்டினால் ஸ்டீல் பாட்டிலில் சுக்குவெள்ளம், அதாவது சுக்கு போட்ட வெந்நீர், தருகிற ஏற்பாடு ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டிருந்தோம். நாங்கள் வீட்டிலிருந்தே செம்பு எடுத்துப் போயிருந்தோம். வழி நெடுக அந்த வெந்நீர்தான் என்னைக் காப்பாற்றியது.

நீலிமலை பாதி ஏறும்போது மழை. சும்மா இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது. உடனே எங்கிருந்தோ மெல்லிசு ரெயின்கோட்டுகள் முளைத்துவிட்டன, நீலம், பச்சை, ரோஸ். போட்டுக்கொண்ட கால் மணி நேரத்தில் கிழிகிறது, கிழிந்ததும் ஓரமாக விட்டெறிகிறார்கள். நாங்கள் துண்டைத் தலையில் போட்டு நனைந்துகொண்டே ஏறினோம். அப்பாச்சிமேட்டில் என் கால் நின்றுவிட்டது. நிஜமாகவே அடுத்த அடி வரவில்லை. ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னப்பா, கூப்பிட்டுவிட்டு இப்படிச் செய்கிறாயே என்று அழுதேன். பக்கத்தில் சீருடையோடு கம்பு வைத்து ரெயின்கோட்டுகளைக் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டிருந்த தம்பி, “உக்காருங்கம்மா, அவசரமே இல்ல” என்று தமிழில் சொன்னதும் தூக்கிவாரிப் போட்டது. சேலம் பக்கமாம். அங்கே துப்புரவு செய்கிற விசுத்தி சேனையில் பெரும்பாலும் நம் தமிழ்நாட்டு ஆட்கள்தான், மண்டல, மகர சீசன் முழுக்க வீட்டை விட்டுவிட்டு வந்து தங்கியிருக்கிறார்கள். நம்மூர்க்காரர்கள் போடுகிற குப்பையை நம்மூர்க்காரரே மலை ஏறி வந்து எடுக்க வேண்டியிருக்கிறது. பாட்டிலைக்கூடப் பொறுக்கிவிடலாம், ரெயின்கோட்டு சேற்றில் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறது என்று சொன்னார். கூட வந்த பையன்கள் இரண்டு பேர் அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்துக் கொடுத்தார்கள். அதற்குள் என் கால் சரியாகிவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள்.

சரங்குத்தியில் சரக்கோல் என்கிற மர அம்பைக் குத்திவிட்டு வரிசையில் நின்றால், நின்றோம், நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம். ஆன்லைனில் நேரம் பதிவு செய்ததெல்லாம் பேச்சுக்குத்தான். குழந்தைகள் அழுகின்றன, பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், இடையில் ஒரு கூட்டம் கம்பியைத் தாண்டிக் குதித்து முன்னால் போகிறது. சாமி சரணம் என்று வாய் சொன்னாலும் மனசு என்னென்னவோ சொன்னது.

பிறகு படி. பதினெட்டுப் படியையும் எண்ணிக்கொண்டு ஏற வேண்டும் என்று நினைத்திருந்தேன், எங்கே எண்ணுவது? போலீஸ்காரர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டதில் கால் பட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. நடைக்கு முன்னால் வந்தபோது எனக்கு முன்னே நின்றவர் ஆறடி. அவர் தோளுக்கும் தூணுக்கும் இடையில், விளக்கு வெளிச்சத்தில், குத்துக்காலிட்ட முழங்காலும் அதைச் சுற்றிய யோகப்பட்டமும் மட்டும் தெரிந்தது. முகம் தெரியவில்லை. விரத நாள் முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன், பேரன் பேர், நட்சத்திரம், நன்றி, எல்லாம். ஒன்றும் வரவில்லை. “வந்துட்டேன்ப்பா” என்று மட்டும் வந்தது. அந்த ஆறடிக்காரர் குனிந்தார். அவர் எதற்குக் குனிந்தார் என்று தெரியாது, ஆனால் அவர் குனிந்த அந்த நொடியில் நான் முகத்தைப் பார்த்துவிட்டேன். அப்பா! பார்த்த பிறகு யார் தள்ளினார்கள், எப்படி வெளியே வந்தேன், ஒன்றும் நினைவில்லை. இன்குபேட்டர் கண்ணாடிக்கு வெளியே நான் நின்ற நாளெல்லாம் இவர் உள்ளே நின்றிருக்கிறார் என்று மட்டும் தெரிந்தது. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

கீழே வாவர் நடையில் திருநீறும் மிளகும் கொடுத்தார்கள். மாளிகைப்புரத்தம்மன் சந்நிதியில் பலர் மஞ்சளைக் கவரோடு வீசிவிட்டுப் போக, நாங்கள் பொட்டலத்தைப் பிரித்துத் தூவிவிட்டுக் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டோம். முகத்தைத் தூக்கி வைத்திருந்த பெரிய சாமி என் சுருக்குப் பையில்தான் அவல் பிரசாதம் கட்டிக்கொண்டார்.

திரும்பும்போது கொஞ்சம் சுற்றித்தான் என்றாலும் ஆலப்புழைப் பக்கம் அர்த்துங்கல் போனோம். ஐயப்பனுக்கும் அர்த்துங்கல் தேவாலயத்தில் கும்பிடும் வெளுத்தச்சனுக்கும் நட்பு என்பது அந்தப் பக்கத்துக் கதை, அதனால் சாமிமார் அந்தத் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி, கடலில் குளித்து, மாலையைக் கழற்றுவது வழக்கம். கறுப்பு வேட்டியைக் கடலில் விடப் போன ஒரு சாமியை அங்கிருந்த வயசான அம்மா ஒருவர், கழுத்தில் ஜெபமாலையோடு, கையைப் பிடித்து நிறுத்தி வேட்டியை வாங்கிக் கரையில் மடித்து வைத்தார். பள்ளிவாசலில் பையன், தேவாலயத்தில் இந்த அம்மா, நடுவில் சேலத்துத் தம்பி. பேரன் பேரில் இனி அர்ச்சனை செய்யும்போது இவர்களுக்கும் சேர்த்துத்தான் செய்யப்போகிறேன், பேர் தெரியாவிட்டால் என்ன, ஐயப்பனுக்குத் தெரியும்.

இனிமேல் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மழைக்குத் துண்டு போதும், ரெயின்கோட்டு வாங்காதீர்கள். நெய்த் தேங்காயின் அடைப்பை அழுத்தி மூடுங்கள், எனக்குக் கசிந்து அரிசிப் பையெல்லாம் நெய்யாகி, இரண்டு தடவை துவைத்தும் போகவில்லை. அப்புறம் சின்னமனூர்ப் பக்கத்தில் யார் வீட்டிலாவது பழைய வேட்டி இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மகரவிளக்குக்குப் போகும் குழுவும் பை கேட்டிருக்கிறது. சாமியே சரணம் ஐயப்பா.