பேப்பர்ல கட்டுன கோட்டை

லண்டன் வந்த புதுசுல ஹவுன்ஸ்லோல இருந்தோம், ஆபீஸ் வீடு மழை, வெள்ளிக்கிழமைன்னா ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோவில், அவ்ளோதான் வாழ்க்கை. அந்தக் கோவிலே ஒரு காலத்துல சர்ச்சா இருந்த கட்டடம், அதுலேர்ந்துதான் எனக்கு பழைய கட்டடம்னா ஒரு கிறுக்கு வந்துச்சு, அப்படியே ஒரு சண்டே ட்விக்கன்ஹாம்ல இருக்கிற ஸ்ட்ராபெரி ஹில் ஹவுசுக்குப் போனோம்.

ஹோரஸ் வால்போல்னு ஒருத்தர், பிரதமரோட பையன், 1747ல ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்து, அப்புறம் வாங்கி, வருஷக்கணக்கா இழுத்து இழுத்து கோதிக் கோட்டையா (பழைய காலத்து சர்ச் மாதிரி கூர் வளைவு வச்ச ஸ்டைல்) மாத்திட்டாரு. கேலரி ரூம்ல மேல பார்த்தா விசிறி விரிச்ச மாதிரி தங்கமும் வெள்ளையுமா ஒரு சீலிங், வெஸ்ட்மின்ஸ்டர் அபேல ஏழாம் ஹென்றி சாப்பல்ல கல்லுல இருக்கிற டிசைன், ஆனா இங்க கல்லே இல்ல, பேப்பர் கூழு! மாடிப்படி சுவர்ல கோதிக் வளைவெல்லாம் செதுக்குன மாதிரி தெரியும், கிட்டப் போனா பெயின்ட் பண்ணுன வால்பேப்பர். என் வீட்டுக்காரர் "நம்ம கல்யாண மண்டபத்து தெர்மாகோல் தூண்தான்டி இது"ன்னு சிரிச்சாரு. தப்பில்ல, வால்போலே என் கட்டடமும் என் எழுத்து மாதிரி பேப்பர்தான், நான் செத்து பத்து வருஷத்துல பறந்துரும்னு லெட்டர்ல எழுதியிருக்காரு. அவர் போனது 1797ல, வீடு இன்னும் நிக்குது.

வீட்ல இருந்த சாமானெல்லாம் 1842ல 24 நாள் ஏலம் போட்டு வித்துட்டாங்க. அவர் அண்ணன் பேத்திங்க மூணு பேர் உக்காந்து கைவேலை பண்ற மாதிரி ரெனால்ட்ஸ்னு ஒரு ஓவியர் வரைஞ்ச படம் இப்போ எடின்பரோ மியூசியத்துல. அதுக்குப் பதிலா ஆடம் லோன்னு ஒரு ஆர்ட்டிஸ்ட் மாட்ரிட்ல நடத்துற ஃபேக்டம்ங்கிற நகல் செய்யற நிறுவனத்து ஆளுங்க ஒரு நகல் செஞ்சு குடுத்திருக்காங்க. இவங்க எகிப்து ராஜா டூட்டன்காமன் கல்லறையையே ஸ்கேன் பண்ணி 2014ல அப்படியே செஞ்சு வச்சவங்க, போட்டோ பிரின்ட் எடுத்து மாட்ற கேஸ் இல்ல.

ஒரிஜினல் இல்லாத வீட்ல எதுக்கு டிக்கெட்னு சில பேர் கேக்குறாங்க. எனக்கு அது சரியாப் படல. கல்லு மாதிரி நடிக்கிற பேப்பர் வீட்டுக்கு, ஓவியம் மாதிரி நடிக்கிற நகலை விட பொருத்தமான பதில் இந்தக் காலத்து ஆர்ட்டிஸ்ட் வேற என்ன குடுக்க முடியும் சொல்லுங்க? ஏதோ புரியாத சிற்பத்தை நடு ஹால்ல கொண்டு வந்து வச்சிருந்தா நான் பாட்டுக்கு தாண்டிப் போயிருப்பேன்.