தாத்தா பேருல ஒரு ஊர், அங்க வரைக்கும் சைக்கிள்ல

எங்க தாத்தா பேரு சந்தியாகு. தங்கச்சிமடத்துல கடல் தொழில் பார்த்தவரு. எந்தக் கரையில தங்கி தொழில் பார்த்தாலும் ஜூலை மாசம் வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்துருவாரு, கோயில்ல முழங்கால் போட்டு ஒரு செபம் சொன்னாத்தான் அவருக்கு மத்ததெல்லாம். ஸ்பெயின்ல சாந்தியாகோன்னு ஒரு ஊர் இருக்கு தாத்தா, நம்ம சந்தியாகப்பர் கல்லறை அங்கதான் இருக்குன்னு நான் ஒரு தடவ சொன்னப்ப கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் "நீ அந்தப் பக்கம்தானய்யா வேலை பாக்குற, ஒரு தடவ போயி என் பேரையும் சொல்லிட்டு வா"ன்னாரு. நான் போறதுக்குள்ள அவரு போயிட்டாரு.

நற்செய்தியில வர்ற செபதேயுவோட மகன் யாக்கோபு, யோவானோட கூடப்பிறந்தவரு, வலையையும் படகையும் அப்பாவையும் அப்படியே விட்டுட்டு ஆண்டவர் பின்னாடி போன மீனவர், அவருதான் சந்தியாகப்பர். ஏரோது மன்னன் அவரை வாளால வெட்டிக் கொன்னான்னு பைபிள்ல திருத்தூதர் பணிகள்ங்கற நூல்ல இருக்கு. அவரோட உடலை சீடர்கள் படகுல ஏத்தி ஸ்பெயினுக்கு கொண்டுவந்தாங்க, 9ஆம் நூற்றாண்டுல கல்லறை கண்டுபிடிச்சாங்கங்கறது அங்க உள்ள மக்களோட நம்பிக்கை. ஆயிரம் வருஷத்துக்கு மேல அந்தக் கல்லறையை நோக்கி ஜனங்க நடந்த பாதைக்குப் பேரு கமினோ. நான் போனது கமினோ பிரான்சேஸ்ங்கற பாதையில, வட ஸ்பெயின்ல உள்ள பூர்கோஸ் நகரத்துல இருந்து சாந்தியாகோ வரைக்கும் சுமார் 490 கி.மீ., மே மாசத்துல, ஒன்பது நாள். நடந்து போற அளவு லீவு கிடைக்கல, அதனால கிராவல் பைக். மண்ணு, ஜல்லி, உழவு டிராக்டர் போற தடம் எல்லாத்துலயும் போகும், 45 மி.மீ. டியூப்லெஸ் டயர், பின்னாடி ஒரு பை, ஹேண்டில்ல ஒரு பை, அவ்வளவுதான். இன்னொன்னு, சட்டைப்பையில தாத்தா பழைய வலையில அடியில கட்டியிருந்த ஓட்டை போட்ட ஒரு சின்னக் கல்லு, பாட்டி எடுத்துக் குடுத்தது.

பூர்கோஸ் தாண்டினதும் மெசேட்டா ஆரம்பிக்குது. மேட்டு சமவெளி, கண்ணுக்கு எட்டுன தூரம் பச்சைக் கோதுமை, ஓரமா சிவப்பு பாப்பி பூ, நடுவுல வெள்ளையா ஜல்லித் தடம், மரம்னு சொல்ல ஒண்ணும் கிடையாது. சிலர் இந்தப் பகுதி போரடிக்கும்னு பஸ் புடிச்சு தாண்டிப் போயிடறாங்க, எனக்கு இது கடல் மாதிரி இருந்துச்சு, காத்து அடிக்கும்போது கோதுமை அலை அலையா சாயுது, அந்தக் காத்து எதுக்க அடிச்சா சைக்கிள் நகரவே நகராது. ஒந்தானாஸ்னு ஒரு ஊர், பள்ளத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கு, கிட்ட போற வரைக்கும் கண்ணுக்கே தெரியாது, திடீர்னு கோயில் மணிக்கூண்டு மட்டும் தரையில இருந்து முளைச்ச மாதிரி தெரியும்.

அதுக்கு அப்புறம் சான் அந்தோன். இடிஞ்சு போன மடம், அதோட பெரிய கல் வளைவுக்கு அடியிலேயே பாதை போகுது. முன்னாடி ஐரோப்பாவுல கை கால் எரிஞ்சு கருகிப் போற ஒரு நோய் இருந்துச்சு, புனித அந்தோணியார் நெருப்புன்னு சொல்லுவாங்க, ரை தானியத்துல வளர்ற ஒரு பூஞ்சைதான் காரணம்னு பின்னாடி தெரிஞ்சுது. அந்த நோயாளிங்களை இந்த மடத்து துறவிகள் பாத்துக்கிட்டாங்க. ராத்திரி கதவு சாத்துன பிறகு வர்ற யாத்திரிகருக்காக வளைவுல இருக்கற மாடத்துல ரொட்டி வச்சிருப்பாங்களாம். அந்த மாடம் இப்பவும் இருக்கு. சைக்கிளை சாத்திட்டு அதுல கைய வச்சு பாத்தேன், வெறும் கல்லு, ஆனா கண்ணு கலங்கிடுச்சு.

காஸ்த்ரோஹெரிஸ் தாண்டி மொஸ்தெலாரெஸ் மேடு, செம ஏத்தம், முந்தின நாள் மழை வேற. அந்த ஊர் களிமண்ணு டயர்ல ஒட்டினா ஒட்டினதுதான், ஃபோர்க்குக்குள்ள அடைச்சு சக்கரம் சுத்தாம நின்னுடுச்சு, குச்சி வச்சு நோண்டி நோண்டி தள்ளிக்கிட்டே ஏறினேன். நடந்து வந்த வயசான ஒரு பிரெஞ்சு அம்மா தன் ஊன்றுகோலைக் குடுத்து மண்ணை எடுக்கச் சொன்னாங்க, பேச்சு புரியல, ஆனா நின்னு முடிக்கிற வரைக்கும் கூடவே நின்னாங்க.

அன்னைக்கு சாயங்காலம் நடந்ததுதான் இந்தப் பயணத்துலயே எனக்குக் கிடைச்ச பெரிய வரம். பிசுவெர்கா ஆத்துப் பாலத்துக்கு முன்னாடி சான் நிக்கோலாஸ்னு பழைய காலத்து சின்ன கோயில், அதையே யாத்திரிகர் தங்கற இடமா வச்சிருக்காங்க, இத்தாலியில இருந்து வர்ற ஒரு பக்தசபைக்காரங்க பாத்துக்கறாங்க. பொதுவா இந்தப் பாதையில நிறைய விடுதிகள்ல நடக்கறவங்களுக்குத்தான் முதல் இடம், சைக்கிள்காரங்க கடைசி வரைக்கும் காத்திருக்கணும், அது நியாயம்தான், நடந்து வர்றவங்க அடுத்த ஊருக்குப் போக முடியாதில்லையா. இருட்டப் போற நேரத்துல ஒரு கட்டில் மிச்சம் இருக்குன்னு கூப்பிட்டாங்க. கோயிலுக்குள்ள மெழுகுவர்த்தி வெளிச்சம்தான். பீடத்துக்கு முன்னாடி எங்களை அரைவட்டமா உக்கார வச்சு ஒவ்வொருத்தர் காலா தண்ணி ஊத்திக் கழுவி, துடைச்சு, குனிஞ்சு முத்தம் குடுத்தாங்க. பெரிய வியாழன் அன்னைக்கு சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவறதை சின்ன வயசுல இருந்து பாத்திருக்கேன். என் காலைக் கழுவுவாங்கன்னு நினைச்சதே இல்ல. முழங்கால் வரைக்கும் சேறு எனக்கு. வெக்கமா இருந்துச்சு, காலை இழுத்துக்கிட்டேன். அந்த மனுஷர் சிரிச்சுக்கிட்டே என் குதிங்காலைப் பிடிச்சு வச்சுக்கிட்டாரு.

அடுத்த மூணு நாள் வேகமா போச்சு. ஃப்ரோமிஸ்தாவுக்கு முன்னாடி 18ஆம் நூற்றாண்டுல வெட்டுன கஸ்தீயா கால்வாய்க் கரையில நிழலோட ஒரு அருமையான தடம். காரியோன் தாண்டினா ரோமர் காலத்து ரோடு, 17 கி.மீ.க்கு ஒரு ஊரும் கிடையாது, தண்ணி பிடிச்சுக்காம யாரும் போயிடாதீங்க. லியோன் பேராலயத்துல கண்ணாடி ஜன்னல் வழியா வர்ற வெளிச்சத்துல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன்.

அப்புறம் மலை. ஃபொன்செபதோன் தாண்டி சுமார் 1500 மீட்டர் உயரத்துல குரூஸ் தெ ஃபெர்ரோ, உயரமான மரக்கம்பம், உச்சியில சின்ன இரும்புச் சிலுவை, அடியில யாத்திரிகருங்க அவங்கவங்க ஊர்ல இருந்து கொண்டுவந்து போட்ட கல்லுக் குவியல். விடியக்காலையில போனதால யாரும் இல்ல, பனிமூட்டம். தாத்தாவோட வலைக்கல்லை எடுத்தேன். வைக்க மனசு வரல. வெளியில எடுத்தா திரும்ப சட்டைக்குள்ள, இப்படியே ரொம்ப நேரம். கடைசில ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி கம்பத்துக்குப் பக்கத்துல வச்சேன். எத்தனையோ வருஷம் கடலுக்கு அடியில போய் வந்த கல்லு இப்ப மலை மேல இருக்கு.

இறக்கம் ரொம்ப ஆபத்து. எல் அசெபோ ஊர்ல ஒரு ஜெர்மன் சைக்கிள் யாத்திரிகர் இறந்ததோட நினைவா சைக்கிள் வடிவத்துல ஒரு நினைவுச்சின்னம் இருக்கு, அதுக்கு முன்னாடி நின்னு அவருக்காக செபம் சொல்லிட்டு மோலினசேகா வரைக்கும் பிரேக்கை விடாமதான் இறங்கினேன்.

ஓ செப்ரெய்ரோ ஏத்தம் சைக்கிளுக்கு ரோட்டு வழிதான் நல்லது, மண் பாதை கல்லும் படியுமா நடக்கறவங்களுக்கே கஷ்டம். மேல ஒரு பழைய கோயில். கொட்டுற பனிப்புயல்ல ஒரு ஏழை விவசாயி திருப்பலிக்காக மலை ஏறி வந்தானாம், ஒரு துண்டு ரொட்டிக்கும் கொஞ்சம் திராட்சை ரசத்துக்கும் இவ்வளவு தூரமான்னு சாமியார் மனசுக்குள்ள இளக்காரமா நினைச்சாராம், அந்த நேரத்துலயே அப்பமும் ரசமும் சதையும் ரத்தமுமா மாறிடுச்சாம். அந்தப் பாத்திரம் கோயிலுக்குள்ள இருக்கு. இதே கோயில்ல பங்குச்சாமியாரா இருந்த எலியாஸ் வலீஞாதான் 1984ல பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கிட்டு இந்தப் பாதை பூரா மஞ்சள் அம்புக்குறி போட ஆரம்பிச்சவரு, 1989ல இறந்துட்டாரு. ஆறு நாளா கல்லுலயும் மரத்துலயும் சுவத்துலயும் பாத்த அம்புக்குறி எல்லாம் அவரு ஆரம்பிச்சு வச்சதுன்னு நினைச்சுக்கிட்டு அவரோட சிலை முன்னாடி நின்னு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். "சாப்டியாடா, குளுருதா"ன்னு கேட்டுட்டு, சிலையைக் காட்டச் சொல்லி ஃபோன்லயே கும்பிட்டாங்க.

சர்ரியாவுக்கு அப்புறம் கூட்டம். யாத்திரை முடிச்சதுக்கான சான்றிதழ் வாங்க நடக்கறவங்களுக்கு 100 கி.மீ. போதும், சைக்கிள்ல போற நமக்கு 200 கி.மீ., அதனால இங்க இருந்து நடக்க ஆரம்பிக்கறவங்க அதிகம். மணி அடிச்சு, மெதுவா, "புவென் கமினோ" (பயணம் நல்லபடியா அமையட்டும்) சொல்லிட்டுத்தான் தாண்டணும். சைக்கிள்காரங்க சிலர் விரட்டிக்கிட்டு போறதைப் பாத்தா மனசு வலிக்குது, நடந்து வர்றவங்கள்ல எத்தனை பேரு காலு புண்ணோட நடக்கறாங்க.

சாந்தியாகோவுல ஒப்ரதொய்ரோ சதுக்கத்துல சைக்கிளைப் படுக்க வச்சுட்டு பக்கத்துலயே உக்காந்துட்டேன். அப்புறம் பேராலயத்துல பீடத்துக்குப் பின்னாடி படியேறி சந்தியாகப்பர் சிலையைப் பின்னாலருந்து கட்டிப்பிடிச்சேன், கீழ கல்லறைக்கு இறங்கி அங்க இருக்கற வெள்ளிப் பேழை முன்னாடி முழங்கால் போட்டேன். தங்கச்சிமடத்துல தாத்தா சொல்ற மாதிரியே "சந்தியாகப்பரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்"னு சத்தமாவே சொன்னேன்.

யாத்திரிகர் அலுவலகத்துல ஒரு வசதி இருக்கு, இறந்தவங்களுக்காகப் போனோம்னு சொன்னா சான்றிதழ்ல அவங்க பேரையும் எழுதித் தருவாங்க. அந்த மேசையில இருந்த பொண்ணு தாத்தா பேரைக் கேட்டுச்சு. சொன்னேன். எழுதப் போனது நிமிந்து பாத்து "சாந்தியாகோவா?"ன்னுச்சு. ஆமான்னேன். அந்தப் பொண்ணு எழுந்து நின்னு என் கைய ஒரு தடவ பிடிச்சுட்டு, உக்காந்து பொறுமையா எழுதிக் குடுத்துச்சு. அந்தத் தாள் இப்ப பாட்டி வீட்டுல, தாத்தா படத்துக்குக் கீழ இருக்கு.