டல்லியில் 88 நாள்

ஆஸ்திரேலிய விசாவுக்கான குலுக்கல் முடிவு மின்னஞ்சலில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு வந்தது. என் கணவருக்கு வரவில்லை.

இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே லேப்டாப்பில், அடுத்தடுத்து உட்கார்ந்துதான் பதிந்தோம். அன்று ஸ்பேம் பெட்டியை அவர் இருபது தடவையாவது திறந்து பார்த்திருப்பார். ராத்திரி சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே, "சரி, நீ போ. நான் டூரிஸ்டா வந்து பாத்துக்கிடுதேன்" என்றார். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒன்றரை வருஷம்.

இது என்ன விசா என்று ஊரில் விளக்குவதற்குள் எனக்கு வாய் வலித்துவிட்டது. படிப்பு விசாவும் இல்லை, கம்பெனி கூப்பிட்டுக் கொடுக்கும் வேலை விசாவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஓராண்டு தங்கிச் சுற்றலாம், செலவுக்கு வேலையும் பார்த்துக்கொள்ளலாம். வொர்க் அண்ட் ஹாலிடே விசா, எண் 462. 2022 ஏப்ரலில் இரண்டு நாடுகளும் வணிக ஒப்பந்தம் போட்டபோது இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1,000 இடம் என்று ஒத்துக்கொண்டார்கள். முதல் குலுக்கலுக்கான பதிவு 2024 அக்டோபர் முழுக்க நடந்தது. வயது 18 முதல் 30 வரை. பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். முதல் இரண்டு வாரத்திலேயே சுமார் 40,000 பேர் பதிந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஆயிரத்தில் நான் ஒருத்தி என்பதே அதிசயம். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு விழும் என்று நாங்கள் எப்படி நம்பினோமோ தெரியவில்லை.

இந்த விசாவில் கணவன் மனைவி என்ற கணக்கே கிடையாது. வேறு பல விசாக்களில் ஒருவர் விண்ணப்பித்தால் துணையைச் சேர்த்துக்கொள்ளலாம். இதில் ஆளுக்கொரு சீட்டு. சார்பதிவாளர் ஆபீஸில் வாங்கிய திருமணச் சான்றிதழை அழகாக ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். என் விண்ணப்பத்துக்கு அதை ஒருவரும் கேட்கவில்லை. தம்பதியாகப் போக நினைப்பவர்கள் இதை முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது: ஒருவருக்கு மட்டும் விழுந்தால் என்ன செய்வது? நாங்கள் பேசவில்லை. விழுந்த பிறகு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தோம்.

அழைப்பு வந்த நாளிலிருந்து 28 நாளுக்குள் முழு விண்ணப்பம் போட வேண்டும். இதில் என்னைப் பாடாய்ப் படுத்தியது பெயர்தான். நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் புரியும். பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும் ஒற்றையாக இருந்தது, குடும்பப் பெயர் இடம் காலி. பான் கார்டில் அப்பா பெயர் பின்னால் ஒட்டியிருந்தது. குலுக்கலில் பதிய பாஸ்போர்ட், பான் இரண்டும் வேண்டும் என்பதால், செப்டம்பரிலேயே பான் கார்டைத் திருத்தப் போட்டேன். கிடைக்க மூன்று வாரமானது. விண்ணப்பத்தில் ஒற்றைப் பெயர்க்காரர்கள் அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட வேண்டும். அதனால் அங்கே போனபின் எல்லாக் கடிதத்திலும் என்னை என் பெயரையே குடும்பப் பெயராக்கிக் கூப்பிட்டார்கள். பழகிவிட்டது.

மற்றவை ஓடி ஓடி முடித்தவை. ஆங்கிலத் தேர்வை மதுரையில் போய் முன்கூட்டியே எழுதியிருந்தேன். ஐஇஎல்டிஎஸ்ஸில் சராசரி 4.5 வந்தால் போதும், எனவே பயப்பட ஒன்றுமில்லை. பட்டப்படிப்புச் சான்று கையில் இருந்தது. கைச்செலவுக்கு 5,000 டாலர், அதற்கு மேல் திரும்பி வர டிக்கெட் காசு, வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். அன்றைய கணக்குக்கு 5,000 டாலர் இரண்டே முக்கால் லட்சத்தை ஒட்டி வந்தது. கேட்டால் கொடுக்கலாம் என்று நடத்தைச் சான்றிதழைத் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் வாங்கி வைத்தேன். கைரேகைக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் சென்னை. நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, இரண்டு வேலையையும் ஒரே பகலில் முடித்து, மறு ராத்திரி அதே வண்டியில் திரும்பினேன். அப்போது விசாக் கட்டணம் 650 டாலர்.

விசா வந்ததும் களக்காட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா வாழை விவசாயி. ஏத்தன் போடுகிறவர். தார் வெட்டும் பருவத்தில் எங்கள் வீட்டுக்கு ஆள் தேடுவதே பெரிய வேலை. என்ன வேலை பார்ப்பாய் என்று கேட்டார். குயின்ஸ்லாந்தில் டல்லி என்று ஒரு ஊர், அங்கே வாழைத் தோட்டத்தில் வேலை கிடைக்குமாம் என்றேன். வடக்குப் பகுதியில் மூன்று மாதம், அதாவது 88 நாள், தோட்டவேலை பார்த்துவிட்டால் இன்னோர் ஆண்டுக்கும் விசா கேட்கலாம், அதற்குக் குலுக்கல் கிடையாது. அதனால்தான் அந்த ஊர்.

அப்பா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏட்டி, இங்கன தார் வெட்ட ஆளு கிடைக்காம நாயா அலையுதேன். நீ பிளேன் ஏறிப் போயி ஊரான் தோட்டத்துல வாழக்கா அடுக்கப் போறியா?"

பதில் இல்லை. அம்மாவிடம் பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டது இன்னும் மோசம்: "மாப்பிள்ள இல்லாம பிள்ளைய மட்டுமா அனுப்புதிய?" என் மாமியார்தான் எனக்காகப் பேசினார். "அவன் பொறத்தால போவான். சீட்டு விழுந்தவ முன்னால போறா, அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார்.

2025 ஏப்ரல் கடைசியில் திருவனந்தபுரத்தில் ஏறி, சிங்கப்பூரில் மாறி, பிரிஸ்பேனில் இறங்கினேன். விமானத்தில் தரும் அட்டையில் ஒரு கேள்வி: கடந்த 30 நாளில் தோட்டம், பண்ணை, கால்நடை பக்கம் போனீர்களா? போனேன் என்று குறித்தேன். இல்லை என்று குறித்துவிட்டால் சீக்கிரம் வெளியே போகலாம் என்று பக்கத்து இருக்கைக்காரர் யோசனை சொன்னார். அவர் பேச்சைக் கேட்காதது நல்லதாய்ப் போனது. அதிகாரி என் ஷூவைக் கழற்றச் சொல்லித் திருப்பிப் பார்த்தார். அடியில், பள்ளங்களுக்குள், எங்கள் தோட்டத்து மண் காய்ந்து இருந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் அப்பாவோடு கடைசியாக ஒரு நடை போய் வந்த ஷூ. திட்டவில்லை, அபராதம் போடவில்லை. உள்ளே எடுத்துப் போய்க் கழுவி, ஈரத்தோடு பையில் போட்டுக் கொடுத்தார். அப்போது எனக்கு இது அதிகப்படியாகத் தெரிந்தது.

அங்கே முதல் மூன்று வாரம் வீண். ஒரு விடுதிக்காரர், வந்து தங்கினால் வேலை உறுதி என்று சொல்லி இரண்டு வார வாடகையை முன்னாலேயே வாங்கிக்கொண்டார். வேலை வரவில்லை. பிறகு ஒரு ஆள்பிடிக்கும் காண்டிராக்டரிடம் போனேன். காய் பறிப்பு, கையில் ரொக்கம். சம்பளச் சீட்டு எங்கே என்று கேட்டால் அடுத்த வாரம் என்றார். அடுத்த வாரமும் அடுத்த வாரம் என்றார். சீட்டு இல்லாவிட்டால் அந்த நாட்கள் 88 கணக்கில் சேர்ந்ததாக நிரூபிக்க வழியில்லை. சம்பளம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் சீட்டு கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பறிக்கும் அளவுக்குக் கூலி என்றாலும், மணிக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்று 2022 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது. இதெல்லாம் எனக்கு விட்டு வந்த பிறகுதான் தெரிந்தது. புதிதாகப் போகிறவர்கள் வேலை கேட்கும்போதே, சம்பளச் சீட்டு வாராவாரம் தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள். முகம் மாறினால் நடையைக் கட்டுங்கள்.

டல்லி, கேன்ஸ் நகரத்துக்குத் தெற்கே 140 கிலோமீட்டர். ஒரு கரும்பாலை, சுற்றிலும் கரும்பும் வாழையும், பின்னால் மேகம் விலகாத மலை. ஊருக்குள் 7.9 மீட்டர் உயரத்துக்கு ஒரு ரப்பர் பூட்ஸ் சிலை நிற்கிறது. 1950-இல் அந்த ஊரில் ஓராண்டில் பெய்த மழையின் உயரம் அது. மாஞ்சோலை மலையில் நாலுமுக்கு, ஊத்து மழையைப் பற்றிப் பெருமை பேசியே வளர்ந்தவள் நான். அந்த பூட்ஸைப் பார்த்தபின் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன்.

எனக்கு வேலை பேக்கிங் கொட்டகையில். தார்கள் தொங்கியபடியே உள்ளே வரும். ஒருவர் கத்தியால் சீப்பு சீப்பாக அறுத்துத் தண்ணீர்த் தொட்டியில் விடுவார். பால் அங்கேயே கழுவிப் போய்விடும், கறை காய் மேல் படியாது. நம்மூரில் சருகைச் சுற்றி லாரியில் ஏற்றும்போது தார் முழுக்க எத்தனை கறுப்புத் தீற்றல் விழுகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. சீப்பை நறுக்கிச் சிறு கொத்தாக்கி, முதுகு மேலே, காம்பு ஓரம் என்று 15 கிலோப் பெட்டியில் அடுக்க வேண்டும். ஒரு காய் மற்றதன் தோலில் இடித்தால் பெட்டி திரும்பி வரும். முதல் வாரம் என் பெட்டிகள் நிறையத் திரும்பின. மேற்பார்வை பார்த்த அம்மா, இதற்கு முன் வாழைக்காய் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். என்ன சொல்ல!

கொட்டகைக்கு நுழையுமுன் ஒவ்வொரு தடவையும் பூட்ஸைத் தேய்த்து மருந்துத் தொட்டியில் முக்க வேண்டும். வெளி வண்டி வேலிக்கு உள்ளே வரக் கூடாது. காரணம் வாடல் நோய். பனாமா நோயின் டிஆர்4 வகை 2015 மார்ச்சில் டல்லிப் பக்கம் ஒரு தோட்டத்தில் தென்பட்டிருக்கிறது. மண்ணில் இருக்கும் பூஞ்சை அது. வந்துவிட்டால் பல பத்தாண்டு மண்ணை விட்டுப் போகாது, தீர்க்க மருந்தும் இல்லை. செருப்பின் அடியில் ஒட்டிய மண்ணோடு அடுத்த தோட்டத்துக்குப் போகும். பிரிஸ்பேனில் என் ஷூவைக் கழுவியது ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது. அன்று ராத்திரியே அப்பாவுக்கு வீடியோ அழைப்பில் அந்தத் தொட்டியைக் காட்டினேன். அவருக்குத் தொட்டியில் நாட்டமில்லை. "அந்தா பின்னால மரத்துல என்னமோ கட்டியிருக்கே, அது என்ன?" என்றார். தார் கனத்தில் வாழை சாயாமலிருக்க நாம் கம்பு வைத்து முட்டுக் கொடுப்போம். அங்கே சில இடங்களில் ஒரு வாழையைப் பக்கத்து வாழையோடு கயிற்றால் இழுத்துக் கட்டுகிறார்கள். சாதாரணக் காற்றுக்கு அது போதும். 2006-இல் லாரி புயலும் 2011-இல் யாசி புயலும் வந்தபோது எந்தக் கயிறும் நிற்கவில்லை என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். ஒரு காற்றில் சாய்ந்த தோட்டத்தை அப்பாவும் பார்த்திருக்கிறார், அதனால் அந்தப் பேச்சு அரைமணி நேரம் ஓடியது. அவர் என்னோடு அவ்வளவு நேரம் தொழில் பேசியது அதுதான் முதல் தடவை.

ஆகஸ்டில் என் கணவர் வந்தார். சம்பளமில்லா விடுப்பு, மூன்று மாதப் பார்வையாளர் விசா. திருமணச் சான்றிதழ் இந்த விண்ணப்பத்தில்தான் பயன்பட்டது. அந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது என்று தெளிவாக நிபந்தனை உண்டு. ஒருநாள் கொட்டகையில் இரண்டு பேர் வரவில்லை, சும்மாதானே இருக்கிறார், கை கொடுக்கச் சொல் என்றார்கள். இவருக்கும் ஆசைதான். நான் விடவில்லை. ஒரு நாள் கூலிக்காக இனி எந்த விசாவிலும் கறை விழ வேண்டாமே. எனவே அவர் விடுதியில் சமையல்காரர் ஆனார். டப்பாவில் வரும் தேங்காய்ப் பாலில் சொதி வைத்து, இத்தாலிக்காரப் பையனுக்கும் தைவான் பெண்ணுக்கும் ஊற்றி, இது கல்யாணத்துக்கு மறுநாள் விருந்து என்று விளக்கிக்கொண்டிருப்பார்.

88 நாள் முடிந்ததும் பழைய கார் ஒன்று வாங்கி ஐந்து வாரம் சுற்றினோம். மிஷன் பீச் போகும் வழியெல்லாம் காசோவரிப் பறவைக்கான எச்சரிக்கைப் பலகைகள். ஆள் உயரப் பறவை, கழுத்து நீலம். நாங்கள் பார்த்தது ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு வீட்டு முற்றத்தில் நின்று எங்களைத்தான் பார்த்தது. பவளப்பாறைக்கு ஒருநாள் படகில் போகச் செலவழித்த காசு நெஞ்சை அடைத்தாலும், தண்ணீருக்குள் முகத்தை விட்டபின் மறந்துபோனது. அதர்ட்டன் மேட்டுநிலத்தில் யுங்கபுர்ரா பக்கம் ஒரு அத்தி இன மரம், விழுதுகள் திரைச்சீலை மாதிரி தொங்கும். அதன் முன்னால் எடுத்த படம்தான் இப்போது வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

பணக் கணக்கு கேட்பவர்களுக்கு: மணிக்கு சுமார் 30 டாலர் கிடைத்தது, மழையன்று வேலை குறையும். இந்த விசாக்காரர்களுக்கு முதல் டாலரிலிருந்தே 15 சதவீத வரி, 45,000 டாலர் வரை. மருத்துவக் காப்பீடு நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். அங்குள்ள அரசு மருத்துவத் திட்டமான மெடிகேர் நமக்குக் கிடையாது. முதலாளி ஓய்வுநிதிக்கும் தனியாகப் போடுவார். நாட்டை விட்டு வந்து விசாவும் முடிந்தபின் அதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அதில் 65 சதவீதம் வரிக்குப் போகும். நூறு டாலருக்கு முப்பத்தைந்து கைக்கு வரும். இதைச் சொன்னபோது மாமனார் சிரித்த சிரிப்பு அடங்க நேரமானது.

பொங்கலுக்கு முன் ஊர் வந்து சேர்ந்தேன். கணவர் அடுத்த குலுக்கலிலும் பெயர் போட்டிருந்தார், விழவில்லை. இந்தச் சித்திரை வந்தால் அவருக்கு 31. என்னிடம் 88 நாளுக்கான சம்பளச் சீட்டுகள் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கின்றன. இரண்டாம் ஆண்டு விசா கேட்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை. தை கடைசியில் தோட்டத்துக்குப் போனேன். அப்பா நாலு வாழையைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார். கட்டு தளர்ந்து ஒன்று மட்டும் சாய்ந்துபோயிருந்தது. "முடிச்ச எப்படிப் போடுதாவன்னு சரியாக் காட்டலியே நீ" என்றார்.