கேள்விக்கு விடை தெரியும், பத்தி புரியாது

ஒரு மாணவி எழுந்து ஆங்கிலப் பாடத்தில் ஒரு பக்கத்தைத் தடங்கலின்றி வாசித்துவிட்டு உட்கார்ந்தால், அவளுக்கு அது புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வது எங்கள் தொழிலில் நெடுநாள் வழக்கம். பத்திக்குக் கீழே உள்ள ஐந்து கேள்விகளுக்கும் சரியாக விடை எழுதிவிட்டால் பிறகு சந்தேகத்துக்கே இடமில்லை. உயர்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் எனக்கு இந்த இரண்டு அடையாளங்களின் மீதும் நம்பிக்கை போய்ப் பல காலம் ஆகிறது. சரளமாக வாசிப்பது ஒன்று, புரிந்துகொள்வது ஒன்று, விடை எழுதுவது வேறொன்று. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதால்தான், ஆண்டுதோறும் நல்ல மதிப்பெண் வாங்கிவந்த பிள்ளை, பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியைப் பார்த்ததும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறது.

இதைப் பிள்ளைகளுக்கே காட்டிவிட வேண்டும் என்பதற்காக, கல்வியாண்டின் தொடக்கத்தில் கரும்பலகையில் தமிழில் இரண்டு வாக்கியங்கள் எழுதுவேன். "மிரணிகள் கெவளத்தில் சிலுந்தின. நொருவம் இல்லாததால் அவை வெகுவாகத் தெவிரின." பிறகு கேள்விகள். மிரணிகள் எங்கே சிலுந்தின? வகுப்பே ஒரே குரலில் "கெவளத்தில்" என்று சொல்லும். அவை ஏன் தெவிரின? "நொருவம் இல்லாததால்!" எல்லாருக்கும் முழு மதிப்பெண். சரி, மிரணி என்றால் என்ன? அங்கேதான் சிரிப்பு தொடங்கும். ஒரு முறை கடைசி வரிசைப் பையன் ஒருவன் அது தவளை வகை என்று அடித்துச் சொன்னான். கெவளம் என்பது குட்டையாம். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது. குறைந்தபட்சம் அவன் ஒருவனாவது அந்தச் சொற்களுக்குப் பின்னால் ஏதோ ஒரு காட்சி இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறான்.

கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடு, அது இருக்கும் வரியைப் பெயர்த்து எழுது. ஆங்கிலத் தேர்வில் பல பிள்ளைகள் பல ஆண்டுகளாகச் செய்துவருவது இதைத்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த வழியில் மதிப்பெண் கிடைக்கிறது. கிடைக்கும்படி கேள்வி எடுப்பவர்கள் நாங்கள். டோலோரஸ் டர்க்கின் என்ற அமெரிக்கக் கல்வியாளர் நான்காம் வகுப்புகளில் உட்கார்ந்து வாசிப்புப் பாடங்களை நிமிடக் கணக்கில் கவனித்து 1978-79இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 4,469 நிமிட வாசிப்புப் பாடத்தில், புரிந்துகொள்வது எப்படி என்று கற்பிக்கச் செலவான நேரம் 20 நிமிடம். மற்ற நேரத்தில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டார்கள், விடை சரியா தவறா என்று சொன்னார்கள், பயிற்சித்தாள் கொடுத்தார்கள். புரிந்ததா என்று சோதித்தார்களே தவிர, புரியவைக்கும் வழியைக் கற்பிக்கவில்லை. ஆங்கிலமே தாய்மொழியாகப் பேசப்படும் நாட்டில் அந்த நிலை என்றால், இரண்டாம் மொழியாகப் படிக்கும் பிள்ளைகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் எதைக் கற்பிப்பது? என் அனுபவத்தில் பெரும்பாலான குழப்பம் பத்தியில் தொடங்குவதில்லை, ஒற்றை வாக்கியத்துக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. விஞ்ஞானிகளைத் தீவுக்குக் கொண்டுவந்த கப்பல் மூழ்கியது என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம். கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. எது மூழ்கியது என்று கேட்டேன். "தீவு மூழ்கியது, சார்" என்றாள் வகுப்பில் முதல் மூன்று இடங்களுக்குள் வரும் ஒரு மாணவி. பக்கத்தில் இருந்தவர்களும் ஆமோதித்தார்கள். அதே வாக்கியத்தின் சொற்களை ஆங்கில வரிசைப்படி அடுக்கினால் காரணம் தெரியும்: கப்பல், அது, கொண்டுவந்தது, விஞ்ஞானிகளை, தீவுக்கு, மூழ்கியது. தமிழில் 'கொண்டுவந்த' என்ற எச்சம் தன் சுமையையெல்லாம் ஏற்றிக்கொண்டு பெயருக்கு முன்னால் வந்துவிடுகிறது. கப்பலும் மூழ்கியதும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆங்கிலத்தில் அந்த விவரிப்பு பெயருக்குப் பின்னால் வருவதால் எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே நீண்ட இடைவெளி விழுகிறது. வினைக்கு முன்னால் கண்ணில் படும் பெயரை எழுவாயாகப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை, தீவையே மூழ்கடித்துவிடுகிறது. ஆங்கிலம் பேசி வளரும் சிறுவர்களும் இங்கே இடறுவதுண்டு. பழியைத் தமிழின் மேல் மட்டும் போட முடியாது.

இந்த ஒரு முடிச்சை அவிழ்க்கவே நான் நிறைய நேரம் செலவிடுகிறேன். பென்சிலால் விவரிப்புப் பகுதிக்கு அடைப்புக்குறி போடச் சொல்வேன். அடைப்புக்குள் இருப்பதை விட்டுவிட்டு வாசிக்க வேண்டும்: கப்பல் மூழ்கியது. எந்தக் கப்பல் என்ற கேள்விக்குப் பிறகுதான் அடைப்பைத் திறக்கலாம். தினமும் பாடம் தொடங்கும்போது இரண்டு வாக்கியங்கள், அதற்கு மேல் வேண்டாம். அவற்றை அறிவியல், வரலாற்றுப் புத்தகங்களிலிருந்தே எடுக்கிறேன். ஆங்கிலப் பாடநூலின் கதைகளைவிட அங்கேதான் வாக்கியங்கள் நீள்கின்றன. அடைப்புக்குறியை எங்கே மூடுவது என்பதில் முதலில் பெரும் தகராறு நடக்கும். அந்தத் தகராறுதான் பாடம். சில வாரங்களில் பென்சில் இல்லாமலேயே கண் அந்த வேலையைச் செய்யத் தொடங்குகிறது.

அடுத்த தலைவலி, சின்னச் சொற்கள். அகராதியைப் புரட்டிப் பெரிய சொற்களுக்கெல்லாம் பொருள் எழுதி வைத்திருக்கும் மாணவன், 'அன்லெஸ்' என்ற சொல்லை 'இஃப்' போலவே கடந்து போய்விடுவான். பொருள் தலைகீழாகிவிடும், அவனுக்குத் தெரியவே தெரியாது. 'ஆல்தோ' என்று தொடங்கும் வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் எழுதிவிட்டு மறுபாதியை ஊகிக்கச் சொல்வது எனக்குக் கைகொடுத்த பயிற்சி. அவன் இரவெல்லாம் படித்திருந்தபோதிலும் என்ற பொருளில் நிறுத்தினால், தேர்வில் முதலிடம் வந்தான் என்று முடிப்பவர்கள் வகுப்புக்கு வகுப்பு உண்டு. அந்த விடை ஒரு நொடியில் காட்டிக்கொடுத்துவிடும். சுட்டுச் சொற்கள் இன்னும் வம்பு. 'ஹீ' யாரைக் குறிக்கிறது என்று அம்புக்குறி போடுவது எளிது. 'திஸ்' என்ற ஒற்றைச் சொல் முந்தைய வாக்கியத்தின் கருத்து முழுவதையும் சுமந்து நிற்கும்போது அம்பை எங்கே கொண்டுபோய் முடிப்பது? நல்ல மாணவர்களும் அதை அருகில் உள்ள ஏதாவது ஒரு பெயர்ச்சொல்லோடு கட்டிவிட்டுத் திருப்தியடைந்துவிடுகிறார்கள்.

எழுத்துக்கூட்டியே வாசிக்கும் பிள்ளைகளும் உயர்நிலை வகுப்புகளில் இருக்கிறார்கள் என்பதை மறைப்பதில் பயனில்லை. பிலிப் காஃப், வில்லியம் டன்மர் இருவரும் 1986இல் சொன்ன கணக்கு எளிமையானது: வாசிப்புத் திறன் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூச்சியமானால் மொத்தமும் பூச்சியம். எழுத்தில் தடுமாறுபவனுக்கு மையக் கருத்தைக் கண்டுபிடிக்கும் உத்தியைச் சொல்லிக்கொடுப்பது வீண். அவனுக்கு வேண்டியது வேறு. அவர்களைத் தனியே அழைத்து, ஒரே சிறு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைக்கிறேன். வகுப்பு முன்னால் நிறுத்தி வாசிக்கச் சொல்வதில்லை.

சொல்வளம் பற்றி ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கும் அறிவுரை, "தெரியாத சொல்லைச் சூழலிலிருந்து ஊகிக்கச் சொல்லுங்கள்" என்பது. சூழலே தெரியாதவன் எதிலிருந்து ஊகிப்பான்? மார்செல்லா ஹூ, பால் நேஷன் ஆகியோரின் 2000ஆம் ஆண்டு ஆய்வு, ஒரு கதையைப் பிறர் உதவியின்றிப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. 80 சதவீதம் மட்டும் தெரிந்தவர்களில் ஒருவரும் போதிய அளவு புரிந்துகொள்ளவில்லை. 300 சொற்கள் கொண்ட பத்தியில் 98 சதவீதம் என்றால் தெரியாத சொற்கள் ஆறு. 80 சதவீதம் என்றால் அறுபது. ஆறு சொற்களை ஊகிக்கலாம், அறுபதை ஊகிப்பது குருட்டாம்போக்கு. ஆகவே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் கையில் ஆறாம் வகுப்புக்குரிய எளிய கதைப் புத்தகத்தைக் கொடுக்க நான் தயங்குவதில்லை. பெற்றோரில் சிலருக்கு இது தங்கள் பிள்ளையைத் தாழ்த்துவதாகப் படுகிறது. பிள்ளைக்கோ, முதன்முறையாக ஓர் ஆங்கிலப் புத்தகத்தை யார் உதவியும் இல்லாமல் கடைசிப் பக்கம் வரை முடித்த பெருமை.

சொல் தெரிந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 1988இல் ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களாகக் கருதப்பட்டு, ஆனால் பேஸ்பால் தெரிந்தவர்கள், நன்றாக வாசிக்கக்கூடிய, ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். இதைப் படித்த பிறகு நான் பத்திகளைத் தேர்ந்தெடுக்கும் முறையே மாறியது. திங்களன்று தேனீ, செவ்வாயன்று எரிமலை, புதனன்று ஒரு தலைவரின் வாழ்க்கை என்று பயிற்சிப் புத்தகங்கள் தாவுகின்றன. நான் ஒரே பொருளில் மூன்று நான்கு பத்திகளை அடுத்தடுத்துக் கொடுக்கிறேன். நிலநடுக்கம் பற்றிய முதல் பத்தியில் திணறியவர்கள், நான்காவதில் பத்தி என்ன சொல்லப்போகிறது என்று முன்கூட்டியே சொல்கிறார்கள். ஒரே சொற்கள் மீண்டும் மீண்டும் வருவதால் மனப்பாடத்துக்கும் வேலையில்லை.

வகுப்பில் தமிழைப் பயன்படுத்தலாமா என்பதில் எனக்கும் சக ஆசிரியர்கள் சிலருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஆங்கிலப் பாடவேளையில் ஆங்கிலம் மட்டுமே ஒலிக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. பேச்சுப் பயிற்சிக்கு அது பொருந்தும். வாசித்ததைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், புரிந்தவனும் புரியாதவனும் ஒரே மாதிரி மௌனமாக இருப்பார்கள். யார் எவர் என்று எனக்குத் தெரியாமல் போகும். அதனால் ஆங்கிலத்தில் வாசிப்பு, தமிழில் விவாதம், அதன் பிறகு ஆங்கிலத்தில் எழுத்து என்று வைத்திருக்கிறேன். தமிழில் விவாதிக்கும்போதுதான் அந்தப் பிள்ளைகள் எவ்வளவு கூர்மையாக யோசிக்கிறார்கள் என்பது வெளியே வருகிறது. தமிழிலேயே ஒரு கட்டுரையின் மையக் கருத்தைப் பிடிக்கத் தெரியாதவர்கள் சிலரும் அப்போது அகப்படுகிறார்கள். அவர்களுக்கு ஆங்கிலப் பயிற்சி மட்டும் கொடுத்துப் பயனில்லை.

அன்னமேரி பாலின்க்ஸர், ஆன் பிரவுன் ஆகியோர் 1984இல் விவரித்த முறையில், மாணவர்கள் முறைவைத்து ஆசிரியராகிறார்கள். அடுத்து என்ன வரும் என்று கணிப்பது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவுபடுத்துவது, சுருக்கிச் சொல்வது என நான்கு வேலைகள். நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, பத்திக்குப் பத்தி வேலையை மாற்றிக் கொடுக்கிறேன். முதலில் குழுக்கள் எடுத்த கேள்விகள் எல்லாம் எங்கே, எப்போது என்பவை. "மிரணியைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்க முடியுமென்றால் அது செல்லாது" என்று விதி வைத்தேன். அதன் பிறகு "இது மிரணிக் கேள்வி" என்று அவர்களே ஒருவரையொருவர் மடக்கத் தொடங்கிவிட்டார்கள். நான்கில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது தெளிவுபடுத்துபவரின் வேலை. எந்த இடம் புரியவில்லை என்று சுட்டிக்காட்டுவதே அவர் கடமை. புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அப்படிச் சொன்னால்தான் வேலை முடிந்ததாகும் என்பது பெரிய விடுதலை. இதற்கான நேரத்தை, வரிசையாக எழுந்து வாசிக்கும் சடங்கை நிறுத்தி மிச்சப்படுத்தினேன்.

இப்போது வேறொரு சிக்கல் முளைத்திருக்கிறது. புரிந்து படிக்கத் தொடங்கியவர்கள் விடையைத் தங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுகிறார்கள். அதில் இலக்கணப் பிழை விழுகிறது, மதிப்பெண் குறைகிறது. பத்தியின் வரியை அப்படியே பெயர்த்தவனுக்குப் பிழையே இல்லை, முழு மதிப்பெண். விடைக்குறிப்பில் பொருள் சரியாக இருந்தால் மதிப்பெண் தரலாம் என்ற வரியைச் சேர்க்கும்படி உடன் பணியாற்றுபவர்களிடம் கேட்டேன், சேர்த்தார்கள். ஆனாலும் விடைத்தாள் கட்டு கைக்கு வந்ததும் பழைய வரியைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் இரண்டு மூன்று விடைத்தாள்களைத் தூக்கிக்கொண்டு போய் வாதாடிக்கொண்டிருக்கிறேன். சில மதிப்பெண்கள் திரும்பி வருகின்றன, சில வருவதில்லை.