தண்ணீர் சொல்லிவிடும்

காரின் அலாய் வீலுக்கு, அதாவது அலுமினியக் கலவைச் சக்கரத்துக்கு, மறுபடியும் பெயிண்ட் பூசும் வேலையில் பூசுகிற நேரம் மிகக் குறைவு. கழுவுவதும் சுரண்டுவதும் தேய்ப்பதும்தான் நாளை விழுங்கும். தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒருமுறை நான்கு சக்கரங்களை உப்புத்தாளால் தேய்த்து, தூசி தட்டி, நேரே பெயிண்ட் அடித்தேன். ஈரம் காய்வதற்குள் அம்மைத் தழும்பு போல வட்ட வட்டமாகக் குழிகள் விழுந்தன. அந்த இடங்களில் பெயிண்ட் ஒட்டாமல் விலகி நின்றது.

டயர் பளபளக்கத் தடவுகிற சிலிக்கான் எண்ணெய்தான் காரணம். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர் கோபப்படவில்லை. “முதலில் கழுவு தம்பி, அப்புறம் தேய். எண்ணெய் இருக்கும்போது தேய்த்தால், அதைக் கீறலுக்குள் நீயே ஏற்றிவிடுகிறாய்” என்றார். நான்கையும் உரித்து முதலிலிருந்து தொடங்கினேன்.

அன்று அவர் காட்டிய சோதனையை இன்றும் விடுவதில்லை. தேய்த்து முடித்த சக்கரத்தின் மேல் சுத்தமான தண்ணீரை ஊற்ற வேண்டும். அது ஒரே படலமாக விரிந்து நின்றால் எண்ணெய் போய்விட்டது. தாமரை இலைத் தண்ணீர் போலத் துளித்துளியாகப் பிரிந்தால் இன்னும் இருக்கிறது. பெரும்பாலும் வால்வுத் துளையைச் சுற்றியும் நட்டுக் குழிகளின் ஓரத்திலும்தான் பிரியும். துணி எட்டாத இடங்கள் அவை. எண்ணெய் நீக்கும் திரவத்துக்கு இரண்டு துணிகள் வேண்டும். ஈரத் துணியால் தடவியதும், அது காய்வதற்குள் உலர்ந்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். தானாகக் காயவிட்டால் கரைந்த அழுக்கு அங்கேயே படிந்துவிடும்.

அடுத்த எதிரி அரிப்பு. கல் பட்டு மேற்பூச்சு உடைந்த இடத்தில் ஈரமும் உப்பும் புகுந்து, பூச்சுக்கு அடியிலேயே வெண்மையான இழைகளாக ஊர்ந்து போகும். சுவரில் கரையான் போட்ட தடம் போலவே இருக்கும். கத்தி முனையால் நெம்பினால் பூச்சு செதில் செதிலாகக் கழன்று வரும். அடியில் வெள்ளைப் பொடி. கண்ணுக்குத் தெரிகிற கோட்டோடு நிறுத்தக் கூடாது. அதைத் தாண்டி, பூச்சு உலோகத்தை இறுகப் பிடித்திருக்கிற இடம் வரை உரிக்க வேண்டும். கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் புதிய பெயிண்டுக்கு அடியில் அது மறுபடி ஊரத் தொடங்கும்.

நடைபாதை விளிம்பில் உரசிய காயங்களுக்கு சொரசொரப்பான 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 180, 320 என்று நைசான தாள்களுக்கு ஏறுவேன். இரும்புக் கம்பிப் பிரஷை அருகில் விடமாட்டேன். அது விட்டுச்செல்லும் இரும்புத் துகள்கள் ஈரம் பட்டதும் துருப்பிடிப்பதோடு, அலுமினியத்தையும் அரிக்க வைக்கும்.

அலுமினியம் வெளியே தெரிந்துவிட்டால் தாமதிக்கக் கூடாது. காற்று பட்டவுடனேயே அதன்மேல் ஆக்சைடு படலம் உருவாகிவிடும். அதனால் தேய்த்த அன்றே அலுமினியத்துக்கு ஏற்ற அடிப்பூச்சாக, அமிலம் கலந்த எட்ச் பிரைமரோ பிசின் வகையான எபாக்சி பிரைமரோ அடித்துவிடுவேன். பள்ளத்தை நிரப்பப் பட்டி வைக்க வேண்டியிருந்தால் எட்ச் பிரைமரின் மேல் வைப்பதில்லை. அதிலுள்ள அமிலம் பட்டியைச் சரியாக இறுக விடாது. நட்டுகள் உட்காரும் சரிவையும், அச்சு முனையிலுள்ள ஹப்போடு சக்கரம் ஒட்டும் முகத்தையும் டேப் ஒட்டி மறைத்துவிடுவேன். அங்கே பெயிண்ட் தடித்தால் ஓட்டத்தில் அது நசுங்கி நட்டு தளரும்.

அண்மையில் ஒரு சக்கரத்தின் உட்புறத்தில் பிரேக் தூசியைக் கழுவியபோது மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. கீறல் என்று நினைத்துத் தேய்த்தேன். போகவில்லை, விளிம்பு வரை ஓடியது. விரிசல். வண்டிக்காரர், “மேலே பூசிவிடுங்கள், வெளியே தெரியாது” என்றார். தெரியாமல் போய்விடுமே என்பதுதான் என் பயம். மூன்றை மட்டும் பூசிக்கொடுத்தேன். நான்காவதை, அந்தக் கோட்டை மார்க்கரால் வட்டமிட்டு, அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.