கெதார் ஒருவழியாகப் பிடிபட்டது

ஸ்பானிய வினைச்சொற்களில் என்னை அதிகம் படுத்தியது கெதார்தான். இந்த வாரம் அது வழிக்கு வந்துவிட்டது. ஒரு கொலம்பியப் பாட்காஸ்ட்டில் அடுத்தடுத்து வேறுவேறு பொருளில் வந்தும், நிறுத்திப் பின்னால் ஓட்டாமல் கேட்டு முடித்தேன். அவ்வளவு சந்தோஷம்!

சொற்களை மனப்பாடம் செய்ய உதவும் ஆங்கி செயலிக்கு இலவசமாகக் கிடைக்கும் அட்டைத் தொகுப்புகள் இந்தச் சொல்லுக்கு உதவாது. ஒரு பக்கம் கெதார், மறுபக்கம் 'தங்கு, மிஞ்சு' என்று இருக்கும். கடையில் சட்டை போட்டுப் பார்ப்பவரிடம் 'தே கேதா பியேன்' என்கிறார்கள். அங்கே தங்கவோ மிஞ்சவோ என்ன இருக்கிறது? ஆங்கிலத்தை நடுவில் விடாமல் நேராகத் தமிழுக்கு வந்தால் 'உனக்கு நல்லா இருக்கு'. முடிந்தது வேலை. 'மே கேதான் தோஸ்', எனக்கு இன்னும் இரண்டு இருக்கிறது. குஸ்தாரை 'எனக்குப் பிடிக்கும்' என்று படித்தவர்களுக்கு இந்த 'எனக்கு' புதிதல்ல. ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்பதற்கும் 'தோந்தே கேதா' சரி. ஆனால் கட்டடம், தெரு, ஊர் போல இடம் மாறாதவற்றுக்கு மட்டும்தான். சாவியையோ ஆளையோ தேடும்போது 'இரு' என்று பொருள்படும் இன்னொரு வினையான எஸ்தார்தான்.

உண்மையான கண்டம் 'செ', அதாவது வினையோடு ஒட்டிக்கொள்ளும் 'தன்னை' என்கிற குட்டிச் சொல். 'நான்' என்று பேசும்போது அது 'மே' ஆகிவிடும்; மேலே பார்த்த 'எனக்கு' என்கிற 'மே' வேறு. 'கெதே கோன் ஆனா' என்றால் ஆனாவைச் சந்திப்பதாகப் பேசிவைத்தேன். ஸ்பெயினில் நாள் முழுக்கக் காதில் விழும் பிரயோகம் இது. முன்னால் ஒரு 'மே' சேர்த்து 'மே கெதே கோன் ஆனா' என்றால் ஆனாவோடேயே இருந்துவிட்டேன். ஆனாவின் இடத்தில் புத்தகத்தை வைத்தால், அதை நானே வைத்துக்கொண்டேன். கடையில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு 'மே லோ கேதோ' என்பதும் இதே ஆள்தான்: எடுத்துக்கொள்கிறேன். 'மே கெதே தோர்மீதோ', தூங்கிப்போனேன். 'மே கெதே சின் தினேரோ', கையில் காசில்லாமல் போச்சு. விடு, கொள், போ என்று நம் துணைவினைகள் செய்கிற வேலையில் பெரும்பங்கை அந்தக் குட்டி 'செ' செய்கிறது. பொருள்வாரியாகப் பிரித்திருந்த அட்டைகளையெல்லாம் கலைத்து, 'செ' உள்ளது, இல்லாதது என்று இரண்டு கட்டாக்கிய பிறகுதான் காது தெளிந்தது. ஒவ்வொரு அட்டையிலும் முழு வாக்கியம் வைத்தேன். தனிச்சொல் வைத்தால் இந்த வினையிடம் பாச்சா பலிக்காது.

முழுசாக அடங்கவில்லை என்பதும் உண்மை. அநாதையாகிப்போனான் என்பதற்கு 'கெதோ உவேர்ஃபனோ' என்கிறார்கள், 'செ கெதோ' என்றும் சொல்கிறார்கள். 'செய்வதாகச் சொன்னேன்' என்பதற்கு ஸ்பெயினில் 'கெதே என்', மெக்சிகோவில் 'கெதே தே' சகஜம். ஸ்பெயினிலேயே லியோன், எஸ்த்ரெமதூரா பக்கத்துப் பேச்சில் சாவியை வீட்டில் விட்டுவந்ததற்கும் கெதாரையே போடுகிறார்கள். அதற்கு இன்னும் அட்டை எழுதவில்லை.

அகராதி என்றால் ஸ்பானிய மொழிக்கான ராயல் அகாதெமியின் இணையப் பதிப்பே போதும், காசும் கிடையாது. 1713இல் தொடங்கிய அமைப்பு. சொல்லின் வேரும் அதிலேயே கிடைக்கும். கெதாருக்கு மூலம் லத்தீனின் குயேத்தாரே, அமைதிப்படுத்துவது, அடங்குவது. ராத்திரியில் எல்லோரும் வீடடங்க அடித்த மணியிலிருந்து வந்த 'தோக்கே தே கேதா'தான் இன்றைக்கும் ஊரடங்கு. தமிழிலும் அதே 'அடங்கு'! அன்று முழுக்க இதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்து எச்சார். ஊற்றுவதும் எச்சார், ஆளை வேலையைவிட்டு நீக்குவதும் எச்சார், பிரிந்தவரை நினைத்து ஏங்குவது 'எச்சார் தே மேனோஸ்'. அதற்கு இரண்டு கட்டு போதாது. பின்னால் என்ன சேர்கிறது என்பதை வைத்துப் பிரிக்கலாம் என்று ஒரு யோசனை, நேற்றே நோட்டில் கோடு போட்டுவிட்டேன். மெக்சிகோ வாக்கியங்களை மட்டும் யாராவது தனியாகச் சேர்த்து வைத்திருந்தால் சொல்லுங்கள், அந்த 'கெதே தே' கட்டையும் கையோடு முடித்துவிடுவேன்.